வீட்டு பியருக்குப் போத்தல் எங்க எடுக்கிறியள்? அவசரம், 60 தேவை

#1 காங்கேசன்காத்து (ஸ்காபரோ)

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இண்டைக்குத்தான் வாய் திறக்கிறன்.

என்ர நாப்பதாவது பிறந்தநாளுக்கு மனிசி பியர் வடிக்கிற சாமான் பெட்டி ஒண்டு வாங்கித் தந்தவ. பகிடிக்குத்தான் தந்தவ, நான் உண்மையாவே வடிக்கத் துவங்கீட்டன். 23 லீற்றர் வாளி நிலக்கீழ் அறையில ‘பொளக் பொளக்’ எண்டு தன்பாட்டில கதைச்சுக்கொண்டு கிடக்கு. பெட்டிக்குள்ள மோல்ட் (முளைவிட்ட பார்லிச் சாறு) இருந்தது, ஈஸ்ட் இருந்தது, மூடி போடுற ரெண்டு கைக் கருவிகூட இருந்தது. போத்தல் மட்டும் இல்லை.

341 மில்லிப் போத்தல் எண்டால் 60க்கு மேல வேணும். சாமான் விக்கிற கடையில கேட்டன், புதுப் போத்தல் டசின் இருவது டொலர் தாண்டுது. அஞ்சு டசின் வாங்கினால் பியரை விடப் போத்தலுக்குத்தான் காசு கூட. மனிசிக்குக் கணக்குக் காட்டேலாது.

பாவிச்ச போத்தல் எங்க எடுக்கிறியள்? எது சரிவரும், எது சரிவராது? ரெண்டு கிழமைக்குள்ள ஊத்தோணும்.

#2 பழையபோத்தல் (மார்க்கம்)

தம்பி, வாழ்த்துகள். முதல் அந்த ரெண்டு கிழமைக் கணக்கை மறந்துவிடும். வாளிக்குள்ள மூண்டு கிழமை கிடந்தாலும் பியருக்கு ஒண்டும் நடக்காது. புளிச்சு முடியாமல் ஊத்தி மூடினால்தான் ஆபத்து. மிச்சச் சீனியை ஈஸ்ட் போத்தலுக்குள்ள இருந்து திண்டு முடிக்கும், காஸ் போக வழி இருக்காது, போத்தல் வெடிக்கும்.

பன்ரண்டு வருசமா வடிக்கிறன். வெறும் போத்தலுக்கு இண்டைவரைக்கும் ஒரு சதம் குடுத்ததில்லை. நிறைஞ்ச போத்தல்தான் வாங்கிறனான். எல்சிபிஓவில (இஞ்சத்தை அரசாங்க மதுக்கடை) ஜெர்மன் கோதுமை பியர் அரை லீற்றர் போத்தலில வரும், எர்டிங்கர், வைஹன்ஸ்டெஃபனர் மாதிரி. மண்ணிறக் கண்ணாடி, நல்ல தடிப்பம், திறக்கத் திறப்பான் வேணும். கடைசியாச் சொன்னதுதான் முக்கியம். கையால திருகித் திறக்கிற போத்தலில வாயடியில புரி ஓடும், அதில மூடி ஒழுங்கா இருக்கும் எண்டு நம்பேலாது.

இன்னொண்டு. 23 லீற்றரில அடிமண்டி போக உமக்கு 21 லீற்றர்தான் மிஞ்சும். 341 எண்டால் 61, 62 போத்தல். அரை லீற்றர் எண்டால் 42 போதும். இருவது போத்தல் கழுவாமல் விடுறது எவ்வளவு பெரிய சுகம் எண்டு முதல் நாள் கழுவேக்க விளங்கும்.

குடிச்சு முடிச்ச உடனேயே சுடுதண்ணியால மூண்டு தரம் குலுக்கி அலசிக் கவிட்டு விடும். விடிய அலசுவம் எண்டு வச்சால் அடியில பூஞ்சணம் வட்டமாப் பிடிக்கும், பிறகு தூரிகை போட்டாலும் போகாது. நான் ஒவ்வொரு போத்தலையும் மின்குமிழுக்கு நேரே பிடிச்சு வாய்க்குள்ளால அடியைப் பாப்பன். புள்ளி ஒண்டு தெரிஞ்சாலும் எறிஞ்சுவிடுவன்.

#3 நெக்கார்க்கரை (ஸ்டுட்கார்ட்)

வணக்கம்ணே. நான் மதுரைக்காரன், பதினோரு வருஷமா ஜெர்மனில. நீங்க போத்தல்ங்கிறீங்க, நாங்க பாட்டில்ங்கிறோம், சரக்கு ஒண்ணுதான்.

இங்க நிலைமை வேற. கம்பி வச்சு ‘டப்’புனு திறக்கிற பாட்டில் தெரியும்ல, பீங்கான் மூடி, சிவப்பு ரப்பர் வளையம்? அது இங்க சூப்பர்மார்க்கெட்லயே கிடைக்கும். வடக்க ஃப்ளென்ஸ்பர்கர் முழுக்க அதுலதான் வருது. மூடி போடுற மெஷினே வேண்டாம். ரப்பரை மட்டும் ரெண்டு மூணு தடவைக்கு ஒருக்கா மாத்துறேன்.

விலையைக் கேளுங்க. சாதாரண பியர் பாட்டிலுக்கு முன்பணம் (காலியைக் குடுத்தா திரும்பி வரும்) 8 சென்ட், கம்பி பாட்டிலுக்கு 15 சென்ட், பிளாஸ்டிக் கூடைக்கு ஒண்ணரை யூரோ. 20 கம்பி பாட்டிலும் கூடையும் சேர்ந்து நாலரை யூரோ. அதே பாட்டிலைப் புதுசா வாங்கினா ஒண்ணுக்கே ஒரு யூரோவுக்கு மேல. அப்பறம் எவன் புதுசு வாங்குவான்?

#4 காங்கேசன்காத்து (ஸ்காபரோ)

பழையபோத்தல் அண்ணை, நன்றி. ஆனா 42 கோதுமை பியர் நான் எப்ப குடிச்சு முடிக்கிறது? அதுக்கிடையில ஈரல் போயிடும்.

பியர் ஸ்டோரில மண்ணிறப் போத்தல் 24 வாற பெட்டி இருக்கெல்லோ, அதுக்குப் போத்தலுக்கு 10 சதம்தானே திருப்பித் தாற வைப்பு. வெறும் பெட்டியை 2 டொலர் 40 குடுத்து அவையளிட்டையே கேட்டால் தரமாட்டினமோ? இல்லாட்டி வரிசையில நிக்கிற சனத்திட்ட அதே காசைக் குடுத்து வாங்கினால்?

#5 சந்தேகப்பிராணி (பிரம்ரன்)

கடைக்குள்ள தரமாட்டினம். வரிசையில நிக்கிறவன் தருவான். ஆனா எடுக்க முதல் இதைக் கேளும்.

நான் 1993இல கனடா வந்து செய்த முதல் வேலை வெறும் போத்தல் பிரிக்கிறது. கடைப் பேர் வேண்டாம். பின்பக்கம் ஒரு உருளைப் பாதை, அதில பெட்டி பெட்டியா வரும். கோடையில அந்த மணம்! புளிச்ச பியர், குளவி, பத்துப் போத்தலுக்கு ஒண்டில சிகரெட் கட்டை. ஊறின சிகரெட் கட்டை இருந்த போத்தலை எத்தினை தரம் கழுவினாலும் எனக்கு மூக்கில நிக்கும். ஆரோ குடிச்ச போத்தலில பியர் ஊத்த முதல் ஒருக்கா முகர்ந்து பாரும்.

மற்றது, அந்த மண்ணிற 341 போத்தல் குப்பைக்குப் போற சாமான் இல்லை. முந்தி, 1961இல இருந்து எண்பதுகள் வரைக்கும் இந்த நாட்டில குள்ளப் போத்தல்தான் எல்லாக் கம்பனிக்கும் பொது. பிறகு ஒவ்வொருத்தனும் தன்ர தன்ர நெட்டைப் போத்தல் கொண்டுவந்து குழப்பி, தொண்ணூறுகளிலதான் இந்த 341 பொதுப் போத்தலுக்கு வந்தவை. கழுவிக் கழுவி ஒரு போத்தல் பத்துப் பதினைஞ்சு தரம் சுத்தும். போத்தலின்ர தோளிலயும் அடியிலயும் வெள்ளையா உரஞ்சின வளையம் பாத்திருப்பீர், ஒண்டோட ஒண்டு முட்டி முட்டி வந்தது அது. வளையம் தடிப்பெண்டால் போத்தலுக்கு வயசு கூட.

10 சதம் வைப்புக் காசு எண்டது வாடகை மாதிரி. அதைக் குடுத்தால் போத்தல் உம்மட எண்டு நினைக்கிறது பிழை. 60 போத்தலை நிலக்கீழ் அறையில பூட்டி வச்சால் அந்தச் சுற்றில 60 குறையுது, அவன் புதுசு வார்க்கோணும்.

#6 பழையபோத்தல் (மார்க்கம்)

பிராணி, நீர் சொல்லுறது சரி. ஆனா நானும் அதைக் கழுவிக் கழுவி நாப்பது தரம் பாவிக்கிறன். எறியிறவனை விட்டிட்டு என்னைப் பிடிக்கிறீர்.

எனக்கு அதில வேற பிரச்சினை. அந்தப் போத்தல் திருகு வாய். சும்மா தந்தாலும் எடுக்கமாட்டன்.

#7 நெக்கார்க்கரை (ஸ்டுட்கார்ட்)

இதே சண்டை இங்க கோர்ட் வரைக்கும் போயிருக்கு. 2007ல ஜெர்மன் உச்ச நீதிமன்றம் சொன்னது, பல கம்பெனி பொதுவாப் பயன்படுத்துற பாட்டில்னா வாங்கினவனுக்கே சொந்தம், கண்ணாடியிலயே ஒரு கம்பெனி பேர் பொறிச்சிருந்தா அது அந்தக் கம்பெனி சொத்தாவே இருக்கும்னு. அதனால நான் பேர் பொறிச்சதைத் தொடுறதில்ல. கடையில திருப்பிக் குடுத்துடுவேன்.

ஆனா பிராணி அண்ணன் சொல்றதுல ஞாயம் இருக்கு. 2018 கோடை இங்க பயங்கர வெயில். ஆளுங்க குடிச்ச பாட்டிலை எல்லாம் பால்கனியிலயும் பேஸ்மென்ட்லயும் போட்டுட்டு ஊருக்குப் போயிட்டாங்க. போஹும்ல ஃபீகே ப்ரூவரி, பியர் இருக்கு, ஊத்த பாட்டில் இல்ல, லீவுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி காலிக் கூடையைக் குடுத்துட்டுப் போங்கய்யான்னு ஜனங்ககிட்ட கெஞ்ச வேண்டியதாப் போச்சு. அப்ப என் பேஸ்மென்ட்ல மூணு கூடை இருந்துச்சு. ரெண்டைக் கொண்டுபோய்க் குடுத்தேன். மூணாவது இன்னும் என்கிட்டதான் இருக்கு, பொய் சொல்ல விரும்பல.

#8 கோவைசோடா (கோயம்புத்தூர்)

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கோணுங்க. நம்மூர்ல வீட்ல பியர் பண்ணலாங்களா? பாட்டிலுக்குப் பஞ்சமே இல்லைங்க. காயலாங்கடையில 650 மில்லி பாட்டில் மலையாக் குவிஞ்சு கெடக்குது.

#9 நெக்கார்க்கரை (ஸ்டுட்கார்ட்)

கூடாதுங்க. 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டுல இன்னும் இருக்கு. லைசென்ஸ் இல்லாம வீட்ல வடிச்சா குத்தம். கடையில வாங்கிக் குடிக்கலாம், அடுப்புல வடிக்கக்கூடாது. விட்டுடுங்க.

காயலாங்கடை பாட்டில்லயும் ஒரு விஷயம். மலையில குடிச்சுட்டு எறியற பாட்டில் யானைக் காலைக் கிழிக்குதுன்னு கோர்ட் சொல்லித்தானே 2022ல நீலகிரியில டாஸ்மாக்கே பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலியைக் கொண்டுவந்தா திருப்பித் தர ஆரம்பிச்சாங்க. ஜெர்மனில பல வருஷமா பண்றது நம்ம ஊட்டிக்கும் வந்துடுச்சு.

#10 கோவைசோடா (கோயம்புத்தூர்)

சரிங்க, வம்பே வேண்டாம். நான் கேட்டதே சும்மாதானுங்க. எங்க தாத்தா சோடா கம்பெனி வச்சிருந்தாருங்க. கோலி சோடா பாட்டில் ஒரு நானூறு இன்னும் கொட்டாயில கெடக்குது. காஸைத் தாங்கற பாட்டில்தானே, உங்களுக்கு ஆகாதுங்களா?

#11 பழையபோத்தல் (மார்க்கம்)

கோவைத் தம்பி, நானூறு கோலிப் போத்தலோ! கேக்கவே ஆசையாக் கிடக்கு.

ஹிராம் கொட் எண்ட இங்கிலீஸ்காரன் 1872இல காப்புரிமை எடுத்த போத்தல் அது. காஸ் உள்ளுக்க இருந்து கோலியைக் கழுத்து ரப்பரில தள்ளிப் பிடிக்கும், அவ்வளவுதான் பூட்டு. ஆனா அதைத் தலைகீழாப் பிடிச்சு, ஏற்கெனவே காஸ் ஏத்தின சோடாவைத்தான் நிரப்புவினம், அப்பதான் கோலி போய் ஒட்டும். எங்கட பியர் ஊத்தேக்க காஸ் இல்லாமல் கிடக்கும், ஊத்தேக்கச் சேர்க்கிற கொஞ்சச் சீனியை ஈஸ்ட் திண்டு பத்துப் பதினாலு நாளில மெல்ல மெல்லத்தான் ஏறும். அதுவரைக்கும் கோலி கீழ கிடக்கும், வாய் திறந்து கிடக்கும். பியர் வினாகிரி ஆகிப்போம்.

கழுத்து இடுக்கைக் கழுவிறதும் லேசில்லை. தாத்தாவின்ர சாமான், நீர் சோடாவே போடும்.

#12 யாராமேரி (மெல்பேர்ண்)

பெண்டுகளும் வடிக்கிறம், ஒருத்தரும் கேக்கேல்லை.

இஞ்ச நாங்கள் வீணாத் தலையை உடைக்கிறேல்லை. கூப்பர்ஸ் கம்பனி தானே பியரும் விக்குது, வீட்டில வடிக்கிற மோல்ட் ரின்னும் விக்குது. அவையின்ர 750 மில்லி நெட்டைப் போத்தல் திறப்பானால திறக்கிறது, எங்கட ஆக்களுக்குத் தங்கம். அதோட 740 மில்லி மண்ணிறப் பிளாஸ்டிக் போத்தலும் திருகு மூடியோட விக்கிறவை. நான் முதல் ரெண்டு வருசம் அதிலதான் செய்தனான். விழுந்தாலும் உடையாது, வெடிச்சாலும் கண்ணாடி பறக்காது. சின்னப் பிள்ளையள் ஓடித் திரியிற வீட்டில அது பெரிய நிம்மதி.

குறை ஒண்டு இருக்கு. பிளாஸ்டிக்குக்குள்ளால காற்று மெல்லமாப் போகும். மூண்டு மாதத்துக்குள்ள குடிச்சுவிடோணும். வருசக்கணக்கா வைக்கிற கறுப்பு பியரை அதில ஊத்தாதையுங்கோ.

காசே வேண்டாம் எண்டால் சோடா, கோலா வந்த பிளாஸ்டிக் போத்தலும் பாவிக்கலாம். காஸ் தாங்கத்தானே செய்தது. தண்ணிப் போத்தல், பழரசப் போத்தல் கூடாது, மெல்லிசு. தோடம்பழச் சோடா வந்ததும் வேண்டாம், அந்த மணம் மூடிக்குள்ள இருக்கிற பூச்சில ஊறிக் கிடக்கும். நான் தெரியாமல் ஒருக்கா ஊத்தி, பன்ரண்டு போத்தல் பியர் தோடம்பழம் மணத்தது. அவர் மட்டும் நல்லாயிருக்கு எண்டு குடிச்சார்.

எல்லாத்தையும் கண்ணாடியில ஊத்தினாலும் ஒரேயொரு பிளாஸ்டிக் போத்தலில ஊத்திப் பக்கத்தில வையுங்கோ, காங்கேசன். ஒவ்வொரு நாளும் அதை அமத்திப் பாக்கலாம். கல்லு மாதிரி இறுகினால் மற்றப் போத்தலிலயும் காஸ் ஏறீட்டு எண்டு தெரிஞ்சுபோம், ஒண்டையும் திறந்து பாக்கத் தேவையில்லை.

#13 காங்கேசன்காத்து (ஸ்காபரோ)

அக்கா, அந்தப் பிளாஸ்டிக் யோசனைக்குக் கோடி நன்றி.

நிலவரம் சொல்லுறன். போன சனி ஏஜாக்ஸில மச்சான் வீட்டுக் குடிபூரல். நான் கராஜ் வாசலில ரெண்டு வெறும் பெட்டியோட நிண்டு, வாறவன் போறவன் கையைப் பாத்துக்கொண்டு இருந்தன். மாமா ஒருத்தர், ‘தம்பிக்கு என்ன கஸ்ரமோ, வேலை போட்டுதோ?’ எண்டு இரகசியமாக் கேட்டார்.

64 போத்தல் சேந்தது. வீட்ட கொண்டுவந்து பிரிச்சால் திருகு வாய் மண்ணிறம் 29, திறப்பான் மண்ணிறம் 14, பச்சை 12, வெள்ளைக் கண்ணாடி 9. பிராணி அண்ணை சொன்னமாதிரி சிகரெட் கட்டை மூண்டில. ஒண்டில மிக்சர் கடலை. அது எப்பிடி அந்த வாய்க்குள்ளால போச்சுதோ.

வெள்ளையையும் பச்சையையும் என்ன செய்ய? லேபலை எப்பிடிக் கழட்டிறியள்? குளியல் தொட்டியில ரெண்டு மணித்தியாலம் ஊறப் போட்டு நகத்தால சுரண்டினன், பாதிதான் வந்தது. தொட்டிக் குழாயில கடதாசி அடைச்சு இப்ப மனிசியும் கதைக்கிறா இல்லை.

#14 பழையபோத்தல் (மார்க்கம்)

நகத்தால சுரண்டினால் இந்த வருசம் முடியாது.

பெரிய வாளியில தாங்கக்கூடிய சுடுதண்ணி, அதில வாசனை போடாத ஒக்சிஜன் சலவைத் தூள், இல்லாட்டிச் சலவைச் சோடா, ரெண்டு மூண்டு மேசைக்கரண்டி. போத்தலுக்குள்ளயும் தண்ணி நிரப்பித் தாட்டு ராத்திரி முழுக்க விடும். விடியக் கடதாசி லேபல் தானாக் கழண்டு மிதக்கும். ஜெர்மன் போத்தல் எண்டால் பாம்பு சட்டை கழட்டினமாதிரி முழுசா வரும், அங்க திருப்பிக் கழுவிறதுக்கெண்டே அப்பிடி ஒட்டுறவை. இஞ்சத்தைச் சின்னக் கம்பனியள் ஒட்டுற பிளாஸ்டிக் லேபல் இருக்கே, அதோட மல்லுக்கட்டாதையும். அந்தப் போத்தலைக் கடையில குடுத்து 10 சதத்தை வாங்கும். பிறகு நல்ல தண்ணியில அலசும். வெள்ளைப் படலம் தெரிஞ்சால் வினாகிரி கொஞ்சம் விட்டு அலசிப் போட்டுத் திருப்பித் தண்ணியில அலசும். குளோரின் பிளீச்சோட வினாகிரியைச் சேர்த்துவிடாதையும், நச்சுக் காஸ் வரும்.

ஊத்திற அண்டைக்குக் கிருமி நீக்கிறது வேற வேலை. நான் ஸ்டார் சான் எண்ட கிருமிநீக்கி பாவிக்கிறன், ஒரு லீற்றர் தண்ணிக்கு ஒண்டரை மில்லி. நுரை நிண்டாலும் பயப்பிடத் தேவையில்லை, அதுக்கு மேல அப்பிடியே ஊத்தலாம்.

நிறம்: பியரில இருக்கிற ஹொப்ஸ் எண்ட பூவின்ர கசப்பில வெளிச்சம் பட்டால் ஒரு கந்தக மணம் உண்டாகும். ஸ்காபரோவில இராவில வளவுக்குள்ள ஸ்கங்க் எண்ட நாத்தப் பிராணி வந்து போன மணம் தெரியும்தானே, கிட்டத்தட்ட அதே மணம். மண்ணிறம் வெளிச்சத்தை நல்லா மறைக்கும், பச்சை பெரிசா மறைக்காது, வெள்ளை மறைக்கவே மறைக்காது. அதுக்காகப் பச்சையை எறியாதையும். பெட்டிக்குள்ள மூடி, இருட்டில வச்சு எடுத்துக் குடியும்.

கட்டாயம் இதையும் கேளும். வீட்டு அலங்காரச் சாமான் விக்கிற கடையளில எண்ணெய், வினாகிரி ஊத்திறதுக்கெண்டு கம்பி மூடிப் போத்தல் வடிவா அடுக்கி வச்சிருப்பினம். சதுரமா, மெல்லிசா, மலிவா இருக்கும். அதில பியர் ஊத்தக்கூடாது. நான் ஆறு போத்தல் ஊத்திக் கராஜில வச்சன். எட்டாம் நாள் இரவு ரெண்டு மணிக்கு ‘டமார்’. ஆரோ சுடுறான் எண்டு நினைச்சுக் கட்டிலுக்குக் கீழ போயிட்டன், ஊர்ப் பழக்கம். விடியப் பாத்தால் கண்ணாடித் துண்டு ஒண்டு சுவர்ப் பலகையில குத்திக்கொண்டு நிக்குது. வைன் போத்தலும் அப்பிடித்தான், காஸ் தாங்காது. ஷாம்பெய்ன் போத்தல் தாங்கும், ஆனா ஐரோப்பாவில இருந்து வாறதுக்கு 29 மில்லிமீற்றர் மூடி வேணும். உம்மட கருவியில இருக்கிறது சாதாரண 26.

#15 சந்தேகப்பிராணி (பிரம்ரன்)

பழையபோத்தல் அண்ணை, ஒரு சின்னச் சந்தேகம். பன்ரண்டு வருசமாச் சேர்க்கிறியள், ஒண்டுக்கும் காசு குடுத்ததில்லை எண்டுறியள். கராஜில இப்ப எத்தினை கிடக்கு?

#16 பழையபோத்தல் (மார்க்கம்)

அது இந்த இழைக்குத் தேவையில்லாத கேள்வி.

#17 காங்கேசன்காத்து (ஸ்காபரோ)

நாலு கிழமைக்குப் பிறகு வாறன். நல்ல செய்தியும் இருக்கு, கெட்ட செய்தியும் இருக்கு.

கழுவி, கிருமி நீக்கி, லீற்றருக்கு 6 கிராம் கணக்கில 126 கிராம் சீனியைத் தண்ணியில கொதிக்க வச்சு ஆறவிட்டுக் கலந்து, ஊத்தினன். திறப்பான் போத்தல் 14, பச்சை 12, அக்கா சொன்னபடி ஒரு லீற்றர் சோடாப் போத்தல் ஒண்டு. மிச்சத்துக்கு வேற வழி இல்லை, பழையபோத்தல் அண்ணை சொல்லச் சொல்லக் கேளாமல் திருகு வாய்ப் போத்தலிலயே மூடி அடிச்சன். 26 போத்தல். அதில ரெண்டு அடிக்கேக்கையே போட்டுது. கருவியின்ர ரெண்டு கையையும் அமத்த, கழுத்து ‘டிக்’ எண்டு ஒரு சத்தம், தலை தனியா மூடியோட கையில வந்துட்டுது. பியர் நிலத்தில. வெள்ளைக் கண்ணாடியை நான் தொடேல்லை. கடைசி ரெண்டு மூண்டு லீற்றருக்குப் போத்தலும் இல்லை, அதைச் சாடியில ஊத்தி அப்பிடியே குடிச்சம். காஸ் இல்லாத பியர் பழங்கஞ்சித் தண்ணி மாதிரி.

பதினாலு நாள் பொறுத்தன். சோடாப் போத்தல் நாலாம் நாள் இறுகத் துவங்கி, பத்தாம் நாள் கல்லு. திறப்பான் போத்தல் பதினாலும் பிரமாதம். திறக்க ‘உஸ்ஸ்’ எண்டு ஒரு மூச்சு, ரெண்டு விரல் நுரை. மனிசி ஒரு மிடறு குடிச்சுப் போட்டு ‘பாணிட மணம் அடிக்குது’ எண்டா. ஆனா கிளாஸை வைக்கேல்லை.

திருகு வாய் 24இல பதினொண்டு செத்துப்போச்சு. திறக்கச் சத்தமே இல்லை, இனிப்புத் தண்ணி. மிச்சம் பதின்மூண்டும் நல்லாத்தான் இருக்கு. எது ஏன் எண்டு எனக்கு விளங்கேல்லை.

#18 யாராமேரி (மெல்பேர்ண்)

காஸ் ஒழுகிப்போச்சு, அவ்வளவுதான். திருகு போத்தலின்ர வாய் விளிம்பு மெல்லிசு, மூடி கவ்விப் பிடிக்கிறதுக்கு வெளிப் பக்கம் தோள் இல்லை. கம்பனியில புரிக்கு ஏத்த மெல்லிசு மூடியை மெசினால ஒரே அளவா அமத்திறவை. நாங்கள் போடுறது திறப்பானால திறக்கிற போத்தலுக்குச் செய்த மூடி.

#19 சந்தேகப்பிராணி (பிரம்ரன்)

மேரி அக்கா சொல்லுறது பாதி சரி. எங்கட ஆக்கள் கனபேர் இஞ்ச திருகு வாயிலதான் வருசக்கணக்கா வடிக்கினம், வேற போத்தல் கிடைக்காதபடியால். அவையிட்ட மேசையில நிக்கிற ஒற்றைக் கைக் கருவி இருக்கும். அது மேல இருந்து நேராக் கீழ அமத்தும். காங்கேசனிட்ட இருக்கிற ரெண்டு கைக் கருவி கழுத்தைப் பக்கவாட்டில பிடிச்சு இழுக்கும், கொஞ்சம் சரிஞ்சால் மூடியும் சரியும், கழுத்தும் போகும். 24க்கு 13 பிழைச்சது கருவியைப் பொறுத்தவரை அதிசயம்.

காஸ் இல்லாததை எறியாதையும் தம்பி. மாட்டிறைச்சிக் கறிக்கு விடலாம்.

#20 நெக்கார்க்கரை (ஸ்டுட்கார்ட்)

வில்லியம் பெயின்டர் 1892ல பால்டிமோர்ல இந்தக் கிரவுன் மூடிக்குக் காப்புரிமை வாங்கினப்ப அதுல 24 பல்லு இருந்துச்சாம், இப்ப 21. காங்கேசன் அண்ணே, எண்ணிப் பாருங்க, உங்க செத்த மூடிங்கள்ல ஒரு பக்கப் பல்லு மடங்காம நிக்கும். எனக்கு ஆரம்பத்துல அப்படித்தான் நின்னுச்சு. அதுக்கப்பறம்தான் கம்பிக்கு மாறினேன்.

#21 காங்கேசன்காத்து (ஸ்காபரோ)

எண்ணிப் பாத்தன். 21தான். ரெண்டு மூடியில உண்மையாவே ஒரு பக்கம் அஞ்சாறு பல்லு விறைச்சு நிக்குது. இவ்வளவு வருசம் பியர் குடிச்சன், ஒரு மூடியை உற்றுப் பாத்ததில்லை.

திருகு வாய்ப் போத்தல் எல்லாத்தையும் அலசிப் பெட்டியில அடுக்கிப் பியர் ஸ்டோரில குடுத்திட்டன். பிராணி அண்ணைக்கு இண்டைக்கு நித்திரை வரும். கிட்ட இருந்த கிளையை மூடீட்டினம், மற்றதுக்கு இருவது நிமிசம் ஓடினன். 2 டொலர் 70 வந்தது, பெற்றோல் அதுக்கு மேல.

அடுத்த வாளி நேற்று வச்சிட்டன். கறுப்பு பியர். இப்ப கையில நல்ல போத்தல் 26. இன்னும் ரெண்டு டசினாவது வேணும். ஆரிட்டையும் இருந்தால் சொல்லுங்கோ, வந்து ஏத்துவன்.

#22 பழையபோத்தல் (மார்க்கம்)

சரி, சொல்லுறன்.

இஞ்ச 31 டசின் கிடக்கு. போன வருசம் நான் 19 லீற்றர் உருக்குப் பீப்பாவுக்கு மாறீட்டன். வாளியில இருந்து பீப்பா, பீப்பாவில இருந்து குழாய், ஒரு போத்தலும் கழுவிற வேலை இல்லை. போத்தலை விட மனசு வரேல்லை. ஒவ்வொண்டும் எண்டைக்கு, ஆரோட குடிச்சது எண்டு எனக்குத் தெரியும். வீட்டுக்காரி போன பனிக்காலமே சொல்லீட்டா, ஒண்டில் போத்தல் கராஜில நிக்கும், ஒண்டில் தன்ர கார் நிக்கும் எண்டு. கார் வெளியில நிண்டு பனி மூடுது.

#23 சந்தேகப்பிராணி (பிரம்ரன்)

முப்பத்தொண்டு டசின்!

#24 பழையபோத்தல் (மார்க்கம்)

காங்கேசன், நாலு டசின் தாறன். எல்லாம் அரை லீற்றர், லேபல் கழட்டினது, கழுவிக் கவிட்டு வச்சது. எண்டாலும் தூசி இருக்கும், ஊத்த முதல் ஒருக்கா அலசும். பெட்டி மரத்தில நான் அடிச்சது, அது திரும்பி வரோணும்.

பீப்பாவுக்கு மாறின ஆக்கள் ஒவ்வொருத்தற்ர கராஜிலயும் இப்பிடித்தான் கிடக்கும். வடிக்கிற சாமான் விக்கிற கடையில பழகி வைச்சிரும், ஆர் பீப்பா வாங்கிக்கொண்டு போறான் எண்டு பாத்துக் கேளும். இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாம்தான்.

#25 காங்கேசன்காத்து (ஸ்காபரோ)

அண்ணை!! ஞாயிறு பின்னேரம் வரட்டோ? வைப்புக் காசு எவ்வளவு?

#26 பழையபோத்தல் (மார்க்கம்)

காசு வேண்டாம். டசினுக்கு ரெண்டு நிறைஞ்சு வரோணும். அந்தக் கறுப்பு.

விலாசம் தனி மடலில போட்டிருக்கு. முன் மணியை அடியாதையும், வீட்டுக்காரி வெளியில வந்தால் முழுக்க ஏத்திவிட்டிடுவா. கராஜ் பக்கம் வாரும்.

#27 யாராமேரி (மெல்பேர்ண்)

முன் மணியை அடி தம்பி.